காலை வெளியே எடுங்கள்!

(தலைப்பு: இல்லத்தரசிகள் ஓட்டப் பயிற்சியில் இறங்குவது அவசியமா? ஆடம்பரமா? ‘அவசியமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, என் கருத்துக்குத் துணை நிற்கும் அணித் தோழர்களே, ஆடம்பரம் என்று அடித்துப் பேசிவிட்டு இப்போது கொஞ்சம் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே டி.வி.யில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே!

ஐயா, நான் தென்னேரிக்காரி. காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் பக்கம். எங்க ஊருன்னா ஏரிதான். திரையனேரிங்கிற பேருதான் நாளடைவில தென்னேரின்னு ஆச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மழை பேஞ்சு ஏரி ரொம்பிடுச்சுன்னா, கரை மேல நின்னு பார்த்தா இது ஏரியா கடலான்னு கேக்கத் தோணும். அந்த ஏரிக்கரையிலதான் நான் ஓட ஆரம்பிச்சேன். எப்போ? இருபது வயசுலன்னு நெனைச்சுடாதீங்க. 42 வயசுல!

முதல் நாள் கதையைச் சொல்றேன், கேளுங்க. விடியக்காலை அஞ்சரை மணி. சுடிதாரைப் போட்டுக்கிட்டு, துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, தெருவுல இறங்கி ஓடினேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திட்டு, “என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?”ன்னார். பதில் சொல்லாம ஓடினேன். கீரைக்கட்டு வெச்சிருந்த பாட்டி, “பஸ்ஸு இன்னும் வரல கண்ணு, மெதுவாப் போ”ன்னாங்க. அதையும் தாண்டி ஓடினேன். எங்க தூரத்து மாமா ஒருத்தர், டி.வி.எஸ். வண்டியைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்தி, “ஏறு தாயி, ஆஸ்பத்திரிக்குத்தானே? நான் கொண்டு விடறேன்”னார். (சிரிப்பு)

அவங்க யாரும் கெட்டவங்க இல்ல ஐயா. பாசத்துலதான் கேட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆம்பளை காலையில ஓடினா, “பரவால்லையே, உடம்பை நல்லா வெச்சிருக்கார்”னு சொல்ற இந்த ஊரு, ஒரு பொம்பளை ஓடினா மட்டும் யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு முடிவு கட்டுதே, ஏன்? அவ ஓடணும்னா அடுத்தவங்களுக்காகத்தான் ஓடணும். ஆஸ்பத்திரிக்கு ஓடலாம், ரேஷன் கடைக்கு ஓடலாம், பிள்ளைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ஸ்கூல் வேனுக்குப் பின்னால ஓடலாம். தனக்காக ஓடினா மட்டும் அது ஆடம்பரம்! (கைதட்டல்)

எதிரணியில பேசின சகோதரர் ரொம்ப அழகா ஒண்ணு சொன்னார். “வீட்டு வேலையே நல்ல உடற்பயிற்சிதானே, தனியா எதுக்கு ஓட்டம்?”னார். சகோதரரே, உங்களுக்குப் பதிலா எங்க அம்மா கதையைச் சொல்றேன்.

எங்க அம்மா பட்டு நெசவு செஞ்சவங்க. குழித்தறி. தறிக்குக் கீழே பள்ளம் வெட்டியிருக்கும். மேலே உட்கார்ந்து, ரெண்டு காலையும் அந்தக் குழிக்குள்ள விட்டு மிதிக்கணும். காலையில கால் உள்ளே போனா, சாப்பாட்டுக்கு வெளியே வரும். அப்புறம் உள்ளே போனா, விளக்கு வெக்கிற நேரத்துக்கு வெளியே வரும். நாள் பூரா கால் ஆடிக்கிட்டே இருக்கும். ஆனா ஒரு அடி நகராது. எவ்வளவு பொண்ணுங்களோட கல்யாணப் புடவை அந்தக் கையால வந்திருக்கும்! ஆனா அந்தக் கால் எங்கேயும் போகல.

50 வயசுல சர்க்கரைன்னாங்க. 58 வயசுல கால்ல புண்ணு. ஆறவே இல்ல. கடைசியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கிட்டே எங்கிட்ட சொன்னாங்க: “என் காலு பாதி ஆயுசு குழிக்குள்ளேயே போச்சுடி. நீயாவது காலை வெளியில எடு.”

அப்போ எனக்கு அது வலியில சொன்ன வார்த்தையாத்தான் தெரிஞ்சுது. அம்மா போய் அஞ்சு வருஷம் கழிச்சு, என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, “சர்க்கரை வாசல்ல வந்து நிக்குதும்மா, உள்ளே கூப்பிடறதும் விரட்டறதும் உங்க கையில”ன்னு சொன்னப்பதான் அந்த வார்த்தை மனசுல உறைச்சுது. நான் தறி நெய்யல. ஆனா என் சமையல்கட்டும் ஒரு குழிதான் ஐயா. அடுப்புக்கும் தொட்டிக்கும் நாலடி. நாள் பூரா நடக்கிறேன். நெஞ்சு ஒரு தடவையாவது வேகமா அடிச்சுதா? இல்ல. ஏரிக்கரை ஏறினா மூச்சு மட்டும் வாங்குச்சு.

வீட்டு வேலையே போதும்னா, நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள் உடம்பு வைரமா இருக்கணுமே! இருக்கா? 2019-லேர்ந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொல்லுது? 15-லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள தமிழ்நாட்டுப் பெண்கள்ல 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. 100-க்கு 40 பேருக்கு அளவுக்கு மேல எடை. ரத்தமும் போதல, எடையும் ஏறுது. இதுதான் வீட்டு வேலை கொடுத்த உடற்பயிற்சியா?

அடுத்து எதிரணித் தோழி ஒருத்தங்க, பொம்பளை உடம்பு ஓடறதுக்கு ஏத்த உடம்பே இல்லன்னாங்க. இது இன்னைக்கு நேத்து சொன்ன பேச்சு இல்லம்மா. 1928-ல ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல முதல் முறையா பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வெச்சாங்க. ஓடி முடிச்சவங்கள்ல சில பேர் களைச்சு விழுந்தாங்கன்னு பத்திரிகைகள் பெரிசா எழுதிச்சு. ஆம்பளைங்க களைச்சு விழுந்தா வீரம். பொம்பளைங்க விழுந்தா பலவீனம். அந்த ஓட்டத்தையே தூக்கிட்டாங்க. திரும்ப வந்தது எப்போ? 1960-ல ரோம்ல. 32 வருஷம்!

1967-ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான். கேத்ரின் சுவிட்சர்னு ஒரு கல்லூரிப் பொண்ணு 261-ங்கிற எண்ணை மாட்டிக்கிட்டு ஓடுது. போட்டி நடத்துற அதிகாரி ஒருத்தர் நடுவழியில பாய்ஞ்சு, அந்த எண்ணைப் பிடிச்சு இழுத்து வெளியே தள்ளப் பார்த்தார். அந்தப் பொண்ணு நிக்கல. ஓடி முடிச்சுது. 1972-லதான் அந்தப் போட்டியில பெண்களை முறைப்படி சேர்த்தாங்க. நம்ம பால்காரர் பரவால்ல ஐயா, கேள்வி மட்டும்தான் கேட்டார்! (சிரிப்பு)

சரி, வெளிநாட்டுக் கதை வேண்டாம், நம்ம சென்னைக்கே வாங்க. 1995, தெற்காசிய விளையாட்டுப் போட்டி. ஷைனி வில்சன் 800 மீட்டரை 1 நிமிஷம் 59.85 விநாடியில ஓடினாங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஓடின முதல் இந்தியப் பெண். வயசு அப்போ 30. தாயான பிறகு ஓடின ஓட்டம் அது! “குழந்தை பெத்தாச்சு, இனிமே என்ன”ன்னு சொல்ற நாக்குக்கு அதைவிடப் பதில் வேணுமா? (கைதட்டல்)

“முட்டி தேய்ஞ்சிடும்”னு ஒரு பயம். 2017-ல பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்து வெளியிட்டாங்க. உடம்பு நலத்துக்காக அளவா ஓடறவங்கள்ல மூட்டுத் தேய்மானம் 100-க்கு 3 அல்லது 4 பேருக்கு. ஓடாமலே இருந்தவங்கள்ல 100-க்கு 10 பேருக்கு. ஆனா நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். பந்தயத்துக்காக உடம்பை வருத்தி ஓடறவங்கள்ல 13 பேருக்கு. ஆக, ஓடாம இருக்கிறதும் கெடுதல், வெறி பிடிச்சு ஓடறதும் கெடுதல். அளவுதான் மருந்து.

இப்ப அரங்கத்துல இருக்கிற தாய்மார்கள் கேப்பாங்க. “நீ சொல்றதெல்லாம் சரி, எப்படித்தான் ஆரம்பிக்கிறது?” ஐயா, நான் முதல் நாள் செஞ்ச தப்பையே சொல்றேன். என்னமோ போலீஸ் துரத்துற மாதிரி ஓடினேன். ரெண்டு நிமிஷத்துல கண்ணு இருட்டிச்சு. மதகுக் கட்டை மேல உட்கார்ந்துட்டேன். ‘நமக்கு இது சரிப்படாது’ன்னு அழுகையா வந்துச்சு.

அப்பதான் எங்க தெரு ஞாபகத்துக்கு வந்துச்சு. நெசவுத் தெருவுல பொறந்தவங்களுக்குப் ‘பாவோடுறது’ன்னா தெரியும். தெருவுல நீளமா குச்சிகளை நட்டு, கையில நூலை வெச்சுக்கிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வரணும். அப்படித்தான் தறிக்கான பாவு உருவாகும். இப்ப பெரும்பாலும் இயந்திரத்துல பாவு சுத்திடறாங்க. அந்தக் காலத்துல எங்க பாட்டி பாவோடுவாங்க. பேருதான் ஓட்டம். செய்யறது நடை. வேகமாப் போனா இழை அறுந்துடும். நிதானமா, விடாம, ஒரே சீரா. அப்பத்தான் நூல் பாவாகும், பாவு புடவையாகும். ஓட்டப் பயிற்சியும் அதேதான் ஐயா. முதல் நாளே வேகம் போட்டா இழை அறுந்துடும்.

1996-ல ஜோஷ் கிளார்க்னு ஒரு அமெரிக்க இளைஞர், 50 வயசு தாண்டின தன் அம்மாவுக்காகவே ஒரு முறை கண்டுபிடிச்சார். இன்னைக்கு உலகம் பூரா அதைப் பின்பற்றுது. ரொம்ப எளிது. எழுதிக்கிறவங்க எழுதிக்குங்க.

முதல் அஞ்சு நிமிஷம் கொஞ்சம் வேகமான நடை. அப்புறம் ஒரு நிமிஷம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிஷம் நடை. திரும்ப ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை. இப்படியே எட்டுத் தடவை, 20 நிமிஷம். முடிஞ்சுது! வாரத்துக்கு மூணே நாள். ஓடற நாளுக்கு நடுவுல ஒரு நாள் ஓய்வு. ஓய்வும் பயிற்சியிலே சேர்த்தி, ஏன்னா தசை வளர்றதே அப்பதான். வாரம் போகப் போக ஓட்டம் கூடும், நடை குறையும். ஒன்பது வாரத்துல அரை மணி நேரம் நிக்காம ஓடலாம். ஒன்பது வாரத்துல முடியலையா? பதினெட்டு வாரம் எடுத்துக்குங்க! எந்த வாரம் கஷ்டமா இருக்கோ அந்த வாரத்தையே திரும்பச் செய்யுங்க. ஃபெயில் போடறதுக்கு அங்கே வாத்தியார் கிடையாது.

எவ்வளவு வேகம்? அதுக்குக் கடிகாரம் வேண்டாம். பக்கத்துல வர்றவங்ககிட்ட மாமியார் கதையைப் பேசிக்கிட்டே ஓட முடியணும். (சிரிப்பு) பேச்சு தடைப்பட்டா, வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குறைச்சுக்குங்க. இது வேடிக்கைக்குச் சொல்லல, டாக்டர்களே சொல்ற அளவுகோல்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூணையும் பார்த்துடுங்க. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தா ரத்தசோகை. அதோட ஓடினா மூச்சு வாங்கும், தப்பு உங்க கால் மேல இல்ல, ரத்தத்து மேல. அதைச் சரி பண்ணுங்க. கீரை, பயறு சாப்பிடறது சரி, ஆனா சாப்பிட்ட உடனே காபி குடிச்சா அந்த இரும்புச்சத்து உடம்புல சரியாச் சேராது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கிறவங்க, டாக்டரைக் கேக்காம வெறும் வயித்துல ஓடாதீங்க. கையில ரெண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சுல வலியோ தலைச்சுற்றலோ வந்தா அங்கேயே நின்னுடுங்க.

பிள்ளை பெத்தவங்க குறைஞ்சது மூணு மாசம் பொறுத்து, டாக்டர் சொன்ன பிறகு ஓடுங்க. இன்னொரு விஷயம், நாம வெளியில பேசறதில்ல. பிரசவத்துக்குப் பிறகு தும்மினா, குதிச்சா சிறுநீர் கசியற தொந்தரவு நிறைய பேருக்கு இருக்கு. அதனாலேயே ஓட பயப்படறாங்க. இது வெட்கப்படற விஷயம் இல்ல தாயி, தசை தளர்ந்துபோன விஷயம். அதுக்குன்னே பயிற்சி இருக்கு, டாக்டரம்மாகிட்ட வாய் திறந்து கேளுங்க. மாதவிலக்கு நாள்ல ஓடலாமா? உடம்பு இடம் கொடுத்தா ஓடலாம், கொடுக்கலைன்னா நடக்கலாம். தீர்மானிக்க வேண்டியது உங்க உடம்பு, பக்கத்து வீடு இல்ல.

செருப்போட ஓடாதீங்க. ஒரு நல்ல ஷூ வேணும். சாயங்காலம் போய் வாங்குங்க, அப்பதான் பாதம் கொஞ்சம் வீங்கி அதோட முழு அளவுல இருக்கும். விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். மார்பை நல்லாத் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை அவசியம், அதுல சிக்கனம் பார்க்காதீங்க. மத்தபடி சுடிதார் போதும். துப்பட்டாவைப் பறக்க விடாதீங்க. ஆடம்பரம்னு சொன்னாரே எதிரணி நண்பர், ஒரு ஜோடி ஷூவா ஐயா ஆடம்பரம்? பெட்டிக்குள்ள ரெண்டு கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வந்த பட்டுப்புடவை எத்தனை இருக்குன்னு உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க! நெசவாளி மகள் நானே சொல்றேன், பட்டு வேணும்தான். அதைக் கட்டிக்கிறதுக்கு ஒரு உடம்பும் வேணும்ல? (கைதட்டல்)

வெயில் ஏறறதுக்கு முன்னாடி போங்க. ரெண்டு பேராப் போங்க. ரோட்டுல ஓடினா, வண்டி எதிர்ல வர்ற பக்கமா ஓடுங்க, வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியணும். நாய் துரத்தினா? ‘ஓடறவனைக் கண்டா துரத்தறவனுக்கு இளக்காரம்’னு சும்மாவா சொன்னாங்க? ஓடாதீங்க. நின்னுடுங்க. கையை வீசாம, கண்ணோட கண் பார்க்காம, மெதுவா விலகுங்க. ஊர்ப் பேச்சுக்கும் இதே மருந்துதான்னு நெனைச்சிருந்தேன். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஊர்ப் பேச்சுக்கு நிக்கக் கூடாது, ஓடிக்கிட்டே இருக்கணும்! (சிரிப்பு, கைதட்டல்)

மூணாவது வாரம், அதே பால்காரர், “என்னம்மா, நேத்து காணோம்?”னு கேட்டார் ஐயா. நேத்து எனக்கு ஓய்வு நாளுன்னேன். நாலாவது வாரம் அந்தக் கீரைக்காரப் பாட்டி தன் மருமகளைக் கையோட கூட்டிக்கிட்டு வந்து, “இவளையும் சேர்த்துக்கோ கண்ணு, மாடி ஏறினா மூச்சு வாங்கறா”ன்னாங்க. இன்னைக்கு எங்க ஏரிக்கரையில நாங்க ஆறு பேரு. ரெண்டு பேர் ஓடுவோம், நாலு பேர் பாவோடுவாங்க. எங்கள்ல யாருக்கும் மெடல் வேண்டாம்.

“நேரம் எங்கே இருக்கு?”ன்னு கடைசியா ஒரு கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கு, வாரத்துக்கு 75 நிமிஷம் நல்லா மூச்சு வாங்கற பயிற்சி, இல்லைன்னா 150 நிமிஷம் மிதமான பயிற்சி. 75 நிமிஷம்னா வாரத்துல மூணு நாள், 25 நிமிஷம். வீட்டுல இருக்கிற ஆண்களைக் கேக்கிறேன். அந்த மூணு நாள் காபியை நீங்க போட்டுக்க மாட்டீங்களா? என் வீட்டுக்காரர் போட்ட முதல் காபி வாயில வைக்க விளங்கல. குடிச்சுட்டு, “நல்லா இருக்குங்க”ன்னேன். நாற்பத்திரெண்டு வயசுல நான் ஓடக் கத்துக்கலாம்னா, அவரு காபி போடக் கத்துக்கக் கூடாதா? (கைதட்டல்) இப்ப நல்லாவே போடறார் ஐயா.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். போன மாசம் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துட்டு, “வாசல்ல நின்னது கொஞ்சம் தெருவுக்குப் போயிருக்கு”ன்னாங்க. சந்தோஷமா வெளியே வந்து, நேரே ஏரிக்கரைக்குப் போனேன். ஏரியைப் பார்த்துக்கிட்டு நின்னப்ப, கட்டுப் போட்ட அந்தக் கால்தான் ஞாபகம் வந்துச்சு. எங்க அம்மா வாழ்நாள்ல ஒரு காலை நேரமாவது தனக்குன்னு இந்தக் கரையில நடந்திருந்தா, அந்த ரெண்டு விரல் இருந்திருக்குமோ என்னமோ! யாருக்குத் தெரியும்? ஆனா அவங்க கேட்டதை நான் செஞ்சுட்டேன். காலை வெளியில எடுத்துட்டேன்.

தாய்மார்களே, உங்க குழி எதுவா இருந்தாலும் சரி, தறியா, அடுப்பா, ஆபீஸ் நாற்காலியா, நாளைக்குக் காலையில ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், காலை வெளியில எடுங்க. நடுவர் அவர்களே, தன் குடும்பத்துக்காக ஆயுள் பூரா ஓடற ஒரு பெண், தனக்காக அரை மணி நேரம் ஓடுவது ஆடம்பரம் அல்ல, அவசியமே, அவசியமே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.